அந்தோணியார் சப்பரத்துக்குக் கேட்ட ஸ்பிரிட்

மரியே வாழ்க
காரைக்குடி, 18.6.1996

அன்பு மகன் செல்வினுக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் அந்த மராட்டிய ஊர் மழையில் நனையாமல் நல்லபடியாக இருப்பாய் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை.

அந்தோணியார் சப்பரத்துக்குப் பெட்ரோமாக்ஸ் பற்றவைக்க உன் டிஸ்டில்லரியிலிருந்து இரண்டு பாட்டில் ஸ்பிரிட் கொடுத்துவிடு என்று போன மாதம் எழுதினேன் அல்லவா, தோப்பு உள்ள வீட்டில் தேங்காய் கேட்பது மாதிரிதான் நினைத்தேன். நீ நாலு பக்கம் எழுதி முடியாது என்றுவிட்டாய். கோவில் காரியத்துக்கே இல்லையென்றானே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா வேறு, அந்தோணியாரே நேரில் வந்தாலும் பெர்மிட் எங்கே என்றுதான் உன் மகன் கேட்பான் என்று சிரித்தார். ஆற்றாமையில் உன் கடிதத்தைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் வாசித்தேன். பாதியில்தான் பார்க்கிறேன், ஓரமாகச் செபஸ்தியான் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். சாராயம் காய்ச்சுகிற இடத்து மாப்பிள்ளைக்குத் தன் மகள் ஷீலாவைக் கொடுப்பதா என்று நாலு மாதமாகப் பதில் சொல்லாதவர். வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்டீக, மேல வாசிங்க" என்றார் வாத்தியார்.

வாசித்தேன். காய்ச்சுவது யாருக்கும் பிறப்புரிமை இல்லை, அரசாங்கம் கொடுத்தால்தான் உண்டு, கொடுத்தபின் லைசென்சில் கண்ட அளவு காய்ச்சலாம், லைசென்ஸ் உள்ளவருக்கே விற்கலாம், விளக்கம் கேட்காமல் அரசாங்கம் அதைப் பறிக்கவும் முடியாது. ஸ்பிரிட் அறைக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி கம்பெனியிடம், மற்றது கலால் அதிகாரியிடம். வரி கட்டிப் பெர்மிட் வாங்காமல் முதலாளியே ஒரு சொட்டு வெளியே எடுக்க முடியாது. இத்தனையும் நீ எழுதியதுதான், வாய்விட்டு வாசித்தபோதுதான் எனக்கே உறைத்தது. பூசைக்கு வைக்கிற திராட்சை ரசத்துக்கே அனுமதி வேண்டுமம்மா, உனக்குத் தெரியாதா என்று சாமியார் சிரித்தார். வாத்தியார் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் சம்சாரத்தோடு வந்து, "காய்ச்சுற இடத்துல இருந்துக்கிட்டு, பெத்தவ கேட்டும் ஒரு சொட்டு எடுக்காதவனுக்கு எம்பிள்ளையக் கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷீலாவும் கடிதத்தைப் படித்தாளாம், நம் வீட்டுக்கு ஒரு பூட்டே போதும் என்று சொல்லச் சொன்னாளாம். கெட்டிக்காரிதான்.

ஆகஸ்ட் 18 ஞாயிறு நிச்சயதார்த்தம், இப்போதே லீவு எழுதிக் கொடு. உன்னை நான் கோபித்ததை மாதா சந்நிதியில் சொல்லிவிட்டேன், நீயும் மனதில் வைக்காதே. ஜெபமாலையை விடாதே. தேவ ஆசீர் உன்னோடு இருக்கட்டும். உன் மாமா தனியாக எழுதி ஏதாவது கேட்டாலும் சரி, ஊருக்கு வரும்போது வெறுங்கையோடு வா.

உன் அம்மா,
அடைக்கலமேரி