விபூதி பூசிய மெஷின்

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு நோணாங்குப்பத்திலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நான் முழுச் சுகம், உன் அம்மாவுக்கு உடம்பு முக்கால் சுகம், வாய் ஒன்றரைச் சுகம். நீ அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாயா. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் பேசினால் அவள் என் தோளிலேயே காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள், இது அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியது. இன்னும் இரண்டு வருஷம் பிரான்சில் இருக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்றாயே, அதைப் பற்றித்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், நான் படித்த ஐந்தாவதுக்கு இவ்வளவுதான் வரும்.

அம்மாவுக்குச் சும்மா காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னது பொய். வாந்தி பேதியில் உடம்பே வற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு இதயம் கொஞ்சம் வீக்காம், குளுக்கோஸ் வேகமாக ஏறினால் மூச்சு முட்டும் என்று மெஷின் வைத்து ஏற்றினார்கள், நீ அங்கே கம்பெனியில் செய்கிறாயே அதே மாதிரி மெஷின். சொட்டு விழுவதை ஒரு கண்ணு பார்த்துக்கொண்டே இருக்கிறது, வேகமாக விழுந்தால் உள்ளே மோட்டார் குழாயை நெருக்குகிறது, குறைந்தால் தளர்த்துகிறது. முகத்துவாரத்தில் அலையைப் பார்த்து நான் படகின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலைதான், ஆனால் அது பீடி குடிக்காமல் செய்கிறது. அவள் பயந்துபோய்க் கிடந்தாளே என்று, இது உன் புள்ள செஞ்சதுடி என்று விளையாட்டுக்குச் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான், வார்டு முழுக்கத் தண்டோரா. ஊர்ல பாதிப் பேரு தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த பேப்பரைக் காட்டி பிரான்சுக்குப் போனாங்க, எம் புள்ள மூளையைக் காட்டிப் போனான் என்று கட்டில் கட்டிலாகக் கேட்கிற மாதிரி சொல்கிறாள்.

நான் டீ வாங்கப் போன நேரத்தில் எழுந்து நின்று, முந்தானை முடிச்சில் வைத்திருந்த மயிலம் கோயில் விபூதியைக் குழைத்து அந்தக் கண்ணு மேலேயே பூசிவிட்டாள். மெஷினுக்குப் பார்வை போய்விட்டது. சொட்டு தெரியாததால் குழாயை இறுக்கி மூடிக்கொண்டு கத்துகிறது. பூர்ணிமா சிஸ்டர் ஓடி வந்து, ஏம்மா, இதுக்குக் கண்ணு தெரியலன்னா உங்களுக்கு யாரும்மா அளவா ஏத்துறது என்று சத்தம் போட்டு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். எம் புள்ளைக்கு நான் பூசக் கூடாதா என்கிறாள் உன் அம்மா. அங்கே உன் ஆபீசில் சொல்லி அந்தக் கண்ணுக்கு ஒரு மூடி போடச் சொல், உலகத்தில் உன் அம்மா மாதிரி நிறைய பேர் இருப்பார்கள்.

ஏற்றி முடித்ததும் மெஷினை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிப் போனார்கள். இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள், கஞ்சி வேண்டாம் என்கிறாள். எனக்கு பயம் வந்துவிட்டது. அஞ்சலாட்சி, அது வேற எவனோ செஞ்சதுடி, நான் சும்மா சொன்னேன் என்றேன். தெரியும்யா, அதுல வேற கம்பெனி பேரு போட்டிருந்துச்சே, அந்த சிஸ்டரைப் படிக்கச் சொல்லி மொத நாளே கேட்டுட்டேன், இருந்தாலும் எம் பக்கத்துல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு இல்ல என்றாள். அதற்குமேல் எனக்குக் கிண்டல் வரவில்லை.

நீ போனில் கேட்டபோது, தாராளமா கையெழுத்துப் போடுப்பா என்று சிரித்துக்கொண்டே சொன்னவளும் இவள்தான். உன் இஷ்டம் என்று சொன்னவன் நான். இரண்டு பேர் சொன்னதையும் கணக்கில் எடுக்காதே. கையெழுத்துப் போட வேண்டாம், வந்துவிடு. இங்கேயும் மெஷின் செய்கிற கம்பெனி இருக்காதா என்ன.

மயிலம் முருகன் துணையில் நீ நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. வருகிறேன் என்பது பதிலானால் வீட்டுக்குக் கூப்பிடு, அவளே எடுக்கட்டும். வேறு பதிலானால் பகலில் நான் படகில் இருக்கும்போது கூப்பிடு, எஞ்சின் சத்தத்தில் என் குரல் மாறுவது உனக்குத் தெரியாது.

உன் அப்பா,
ராஜவேல்