கினிகத்தேனையில் இறங்கிக்கொண்டோம்

இயேசு மரி சூசை துணை

கினிகத்தேனை,
1999 டிசம்பர் 12.

கோத்தகிரியில் இருக்கும் அன்பு மகள் பிலோமினாவுக்கு அம்மா அந்தோனியம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் அந்த மூச்சில் கொஞ்சம் இழுப்பு இருக்கிறது, அது அவருடைய சொந்தச் சொத்து, அதை யாரும் பறித்துக்கொள்ள முடியாது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஜெனிதாவும் பேரன் சுகந்தனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் செபமாலை சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். சுகந்தன் கோயிலில் முதன்முதல் புதுநன்மை வாங்கிய போட்டோ வந்து சேர்ந்தது. வெள்ளைச் சட்டையில் அப்படியே உன் அப்பாவின் மூக்கு, பாவம் பிள்ளை.

மேலே அட்டனுக்குப் பதிலாக வேறு ஊர்ப் பெயரைப் பார்த்து நீ முழித்திருப்பாய். புது வீட்டுக்குக் கூரை போட்டாயிற்றா, பிள்ளைகள் லீவுக்கு வந்தால் படுக்க இடம் இருக்குமா என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். மூன்றுக்கும் நான் மழையையும் மாவு விலையையும் எழுதி மழுப்பினேன். இனி மழுப்ப முடியாது. கூரை போட்டாயிற்று மகளே, நல்ல சீட் போட்ட கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் அந்த வீடு நமக்கில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், உனக்குத் தெரிந்த கதையாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படி.

நீ கல்யாணம் கட்டி இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய அதே வருசம் நாங்களும் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவதாகத்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வந்தோம். தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டி, சேமலாப நிதிக் காசைக் கையில் கொடுத்து, நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நாட்டில் சண்டை வந்து கப்பல் நின்றுபோனது. பயணம் சொல்லிவிட்டு வந்த இடத்துக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது? அதனால்தான் அட்டன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆற்றோரம் தகரமும் பலகையும் வைத்து ஒரு குடிசை போட்டுக்கொண்டோம். தோட்டத்தை விட்டு வந்தவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், நகரசபையில் குப்பை அள்ளுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான். வீட்டு நம்பர்கூட இல்லாத ஊர். கொழும்புச் சேரியிலிருந்து ஒரு சிங்கள அம்மா வந்து, நாங்களும் தகரக் குடிசைக்காரிகள்தான், பெண்கள் சேர்ந்து காசு போட்டுச் சங்கம் வைத்துக் காணி வாங்கினோம், நீங்களும் செய்யலாம் என்று சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நம்ம ரோகினிதான் அடக்கினாள். பஜாரில் மூட்டை தூக்கும் லக்ஸ்மனுடைய பெண்சாதி, என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற பிள்ளை, சங்கத்துக்கு அவள்தான் எழுத்து வேலை.

பத்துப் பெண்கள் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் குடிசையில்தான் கூட்டம். காசு இல்லாவிட்டாலும் ஆள் வர வேண்டும். வராதவள் வீட்டுக்கு மற்ற ஒன்பது பேரும் போய் உட்கார்ந்துகொள்வோம், வெட்கத்துக்காவது அடுத்த வாரம் வந்துவிடுவாள். அடகு வைத்த தோட்டை மீட்டது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் காலுக்குச் சப்பாத்து வாங்கியது எல்லாம் அந்தக் காசில்தான். வருசக்கணக்கில் நகரசபை வாசலில் போய் நின்று நின்று கடைசியில் ரயில் கோச்சிப் பாதைக்கு மேலே ஒரு சரிவுக் காணியை ஒதுக்கித் தந்தார்கள். எந்த வீடு யாருக்கு என்று முதலில் சொல்லக் கூடாது என்பது சங்கத்து முடிவு. சொன்னால் அவளவள் தன் அத்திவாரத்துக்கு நல்ல கல்லாகப் பொறுக்கிப் போட்டுக்கொள்வாள் அல்லவா? அதனால் பத்து வீட்டுக்கும் பத்துப் பேரும் மண் வெட்டினோம், கல் சுமந்தோம். யாராவது கை ஓய்ந்து நின்றால், நல்லாக் குத்துங்க, இதுவே உங்க வீடா வந்தாலும் வரும் என்று ரோகினி கிண்டல் செய்வாள். எல்லாம் முடிந்து சீட்டுக் குலுக்கினபோது எனக்கு ஏழாம் வீடு விழுந்தது. வாசலில் நின்றால் கோயில் சிலுவை தெரியும். உன் அப்பா அன்றே பின்பக்கம் போய்ச் சௌசௌ கொடி நட்டுவிட்டு வந்தார். அவர் தானாக ஒரு வேலை செய்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் காணிப் பத்திரம் வந்தது. ஒன்பது பேருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நானும் அப்பாவும் பத்திரம் கொடுக்கிற கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த ஐயா நல்ல மனுசர்தான், அப்பாவை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அம்மா, காணி குடுக்கிறது இந்த நாட்டு ஆளுக்கு, நீங்க இந்தியா ஆள்தானே என்று தமிழிலேயே சொன்னார். அப்பா துணியில் சுற்றி வைத்திருந்த இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டி, பாருங்க ஐயா, இதுல ஒரு சீலுகூட விழுகலைங்க, கப்பலு வரலைங்க, நாங்க ஒரு அடிகூட எங்கயும் போகலைங்க என்றார். அந்த ஐயா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் வெறும் தாள். பிரஜாவுரிமைக்கு மனுப் போடுங்கள், எத்தனை வருசம் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். நான் பிறந்தது டிக்கோயாவில், என் அம்மாவைப் புதைத்தது அங்கே, உன்னைப் பெற்றது அங்கே. இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் நீ இருக்கிற பக்கம் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா பாஸ்போர்ட்டை மறுபடி மறுபடி துணியில் சுற்றிக்கொண்டே வந்தார், அன்றைக்கு நானும் அவரைத் திட்டவில்லை.

இதோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பேன். சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேரும், பெரியம்மாவுக்குப் பத்திரம் வர்ற வரைக்கும் நாங்களும் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் ஒன்றாகப் போவது, இல்லையென்றால் யாருமே போவதில்லை என்று சங்கம் தொடங்கின அன்றைக்கே பேசிக்கொண்டதாம். பேசினவள் நான்தான், என் வாயே எனக்கு எதிரி. பத்து வீடும் பூட்டியே கிடந்தன. ஐப்பசி மழை வந்தது. ஆறு பெருகிக் குடிசைக்குள் முழங்கால் தண்ணீர். ரோகினி ஏழு மாசக்காரி, சாமான்களை மேலே எடுத்து வைக்கப் போய் வழுக்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பிள்ளை போய்விட்டது. பெண் பிள்ளை. ஐயோ பிலோமினா, அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். மேலே ஒழுகாத வீடு ஒன்று அவள் பெயரில் பூட்டிக் கிடக்க, எனக்காக அவள் தண்ணீரில் கிடந்து பிள்ளையைப் பறிகொடுத்தாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இப்பவும் நாங்க போக மாட்டோம் பெரியம்மா என்றுதான் சொன்னாள். கிறிஸ்மஸுக்கு முன்னால் குடி போகாவிட்டால் காணியை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று நகரசபையும் அறிவித்துவிட்டது. போங்கள் போங்கள் என்று நான் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். ஒருத்தியும் அசையவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பொய் சொன்னேன். உன்னுடைய பழைய கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பது போல வாசித்தேன். அம்மா, இங்க தனியா ஒரு ரூம் கட்டி வச்சிருக்கேன், அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் பிளேன்ல வந்துருங்க, டிக்கட்டுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன் என்று நீ எழுதியிருப்பதாகச் சொன்னேன். ரோகினி கையை நீட்டினாள், நான் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். உன் வீட்டில் இருப்பது ஒரே அறை, அதிலும் உன் மாமியார் கட்டிலில், பிள்ளைகள் தரையில் என்பது எனக்குத் தெரியாதா? நீ கூப்பிடவில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை மகளே, பாஸ்போர்ட்டும் காலாவதியாகிவிட்டது, கூப்பிட்டாலும் வர வழியில்லை. ஆனால் அவர்கள் நம்பினார்கள். நம்பி அழுதார்கள், சந்தோசத்திலும் அழுதார்கள். ஏழாம் வீட்டை, சங்கத்தில் இல்லாத ஆற்றோரத்துச் செல்லசாமியின் பெண்சாதிக்குக் கொடுக்கச் சொல்லி நானே கைநாட்டு வைக்காத குறையாக முடித்துக் கொடுத்தேன். அவளும் பாவம், நாலு பிள்ளைக்காரி.

பொய் சொன்ன பிறகு அட்டனில் எப்படி இருப்பது? உன் அப்பா முதலில் குதித்தார். ஒன் பொய்ய நெசமாக்க நான் ஊரை விட்டுப் போகணுமா என்றார். ரோகினியின் பிள்ளையைப் புதைத்த இடத்துக்கு ஒருநாள் தனியாகப் போய்விட்டு வந்து, சரி, பொட்டியைக் கட்டு என்றார். எல்லாரும் புது வீட்டில் பால் காய்ச்சின மறுநாள் எங்களை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். எனக்குப் புதுச் சேலை, உனக்கு ஒரு பை தேயிலை, வழிச்செலவுக்கென்று சங்கம் சேர்த்த காசு. வேண்டாமென்றால் சந்தேகப்படுவார்கள் என்று வாங்கிக்கொண்டேன், அதை இன்னும் பிரிக்கவில்லை, அட்டன் கோயிலில் இருக்கும் சிஸ்டர் மூலமாக ஒருநாள் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ரோகினி ஓடி வந்தாள். பஸ் வளைவு திரும்பி அவள் மறைந்ததும் கண்டக்டர் வந்து கொழும்பா என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, கினிகத்தேனை ரெண்டு என்றார்.

இங்கே குணசேன முதலாளியின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். அப்பா முன்பு இவருக்கு விறகு ஏற்றிக்கொடுத்த பழக்கம். நான் தேங்காய் திருவிப் பாத்திரம் கழுவுகிறேன், அப்பா விறகு பிளக்கிறார், மூன்று வேளையும் சாப்பாடு உண்டு, அதில் குறையில்லை. கடை வாசலில்தான் அட்டன் பஸ்கள் எல்லாம் நின்று தேநீர் குடித்துப் போகும். ஆற்றோரத்து ஆட்கள் யாராவது இறங்கிவிடுவார்களோ என்று நான் முன்பக்கம் வருவதில்லை. அட்டனுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓட்டம், போனால் மாலைக்குள் ரோகினியைப் பார்த்துவிட்டு வரலாம். போக முடியாது. இதைத்தான் மனசு தாங்கவில்லை.

பிள்ளைகளைக் குளிரில் வெறும் காலோடு விடாதே, மாப்பிள்ளை இருமலைக் கவனிக்கச் சொல், மாமியாரிடம் வாய் கொடுக்காதே. உங்கள் எல்லாரையும் மாதா தன் முந்தானையில் மூடிக் காக்கட்டும். முக்கியமான விசயம், கிறிஸ்மஸ் கார்டை வழக்கம்போல அட்டன் விலாசத்துக்குப் போட்டுவிடாதே, தபால்காரர் அதை ரோகினி கையில்தான் கொடுப்பார். உன் விலாசத்தை அவள் என்னிடம் வாங்கி வைத்திருக்கிறாள், கட்டாயம் எழுதுவாள். அம்மாவும் அப்பாவும் சுகமாக வந்து சேர்ந்தார்கள், புது அறையில் இருக்கிறார்கள், அம்மாவுக்குக் கை நடுக்கம், அதனால் நான் எழுதுகிறேன் என்று பதில் போடு. அவள் உடம்பு தேறிவிட்டதா, ராத்திரியில் அழாமல் தூங்குகிறாளா என்று நான் கேட்டதாகக் கேள். அவள் என்ன எழுதுகிறாளோ அதை அப்படியே எனக்கு அனுப்பி வை.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் இருக்கும் அம்மா,
ச. அந்தோனியம்மா.