கரும்புக்குள் இறங்கிய விமானம்

ஆவணி, செவ்வாய்க்கிழமை இரவு

இட ஒதுக்கீடு கேட்டு மணலூர்பேட்டை சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டு நாலைந்து நாளாக உட்கார்ந்திருக்கிறோம். மனு வாங்கக்கூட ஓர் அதிகாரி வரவில்லை. இன்று மத்தியானம் ஒரு போர் விமானம் சத்தமே இல்லாமல் தாழ்ந்து வந்து, பக்கத்துக் கரும்புக்குள் வயிறு தேய இறங்கியது.

எங்கள் தலைவர் கோவிந்தன் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "பாத்தியாடா, நம்மள அடக்கப் பட்டாளத்தையே அனுப்பிட்டான்."

வரப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த விமானியிடம், தெரிந்த இங்கிலீஷில் விசாரித்தேன்.

"இன்னாடா சொல்றாரு?"

"இன்ஜின் நின்னுபோச்சாம்ணே. நம்ம போராட்டமே அவருக்குத் தெரியாதாம்."

"சரியாக் கேளுடா."

சற்று நேரத்தில் தாசில்தார் புளியமரத்தின் மேல் ஏறி விழுந்து ஓடிவந்தார். அண்ணன் மனுவை நீட்டினார்.

"அப்பறம்யா. விமானத்த எவனாவது தொட்டீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் காய்கிற மனிதர்களுக்கு இல்லாத மரியாதை, ஓடாத இன்ஜினுக்கு.

அண்ணன் விமானத்தின் இறக்கையில் ஏறினார். சூடு தாங்காமல் துண்டை மடித்துப் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"யோவ், கவர்மெண்டு சொத்துய்யா. எறங்குய்யா."

"மனுவ வாங்குங்க, எறங்கறேன்."

தாசில்தார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படிப்பாரா என்றுதான் தெரியவில்லை.