கோ. மங்கையர்க்கரசியும் செ. மங்கையர்க்கரசியும்

என் மங்கை அக்காவுக்கு,

போன வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில், நீ வேலை பார்த்த காலேஜில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எட்டு வருஷமாக உன்னைக் கௌரவ விரிவுரையாளராகவே வைத்திருந்தவர்கள், பேனரில் ‘பேராசிரியர்’ என்று அடித்திருந்தார்கள். செத்தால் பதவி உயர்வு உடனே வந்துவிடும் போல.

அப்பாவும் நானும் பேராவூரணியிலிருந்து பஸ்ஸில் போனோம். முதல் வரிசையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். அணுவுக்குள் எலக்ட்ரான் படியிறங்கும்போது என்ன ஒளி வரும் என்று நீ போட்ட கணக்குகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு எண்ணை வாசித்தார். கைதட்டல். எனக்கு அந்த எண் தெரியும் அக்கா. கோ. மங்கையர்க்கரசியையும் செ. மங்கையர்க்கரசியையும் கூட்டினால்தான் அது வரும்.

நீ உயிரோடு இருந்தபோது ஏன் அவருக்கு அந்தக் கூட்டல் வரவில்லை?

அந்த இரண்டு பேரையும் உண்டாக்கியவள் நான். இதை எல்லாரும் படிக்கட்டும். உனக்குக் கல்யாணமான புதிதில், துபாயிலிருந்து அத்தான் “பாஸ்போர்ட்ல என் இனிஷியல்தான் இருக்கணும்” என்றார். நான் படிப்பை இரண்டாவது வருஷத்தில் விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆதார், பான், கெஜட் என்று எல்லாவற்றிலும் அப்பாவின் ‘கோ.’வை எடுத்துவிட்டு உன்னை ‘செ.’ ஆக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் கட்டுரைகளும் மேற்கோள் எண்ணிக்கையும் வருமே, அந்த இணையப் பக்கத்திலும் கை வைத்தேன்.

“அதுல பழைய பேரே இருக்கட்டும்டி. அங்க எல்லாருக்கும் கோ. மங்கையத்தான் தெரியும்.”

“ஒரு எழுத்துக்கு இவ்ளோ யோசனையா? நாளைக்கு இன்டர்வியூல எது நீயின்னு கேப்பான். நகரு.”

உன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன். பழைய பக்கத்தில் பேரைத் திருத்தத் தெரியாமல், புதுசாக ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நீ எழுதியது அங்கே, பின்னால் எழுதியது இங்கே என்று ஆகிவிட்டது.

நிரந்தர வேலைக்கான இன்டர்வியூவில் புதுப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தார்கள். நீ பழையதையும் காட்டினாய். “அது வேற யாரோ மாதிரில்லம்மா தெரியுது” என்றார் இதே துறைத் தலைவர். கெஜட் நகலை நீட்டியும் புரட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? அடுத்த தடவை வருவதற்குள் உனக்கு டெங்கு வந்துவிட்டது.

அதனால்தான் கூட்டத்தில் எழுந்தேன்.

“சார், உசுரோட இருந்தப்ப ரெண்டு பேரு. செத்ததும் ஒரே ஆளா ஆயிட்டாளா?”

அப்பா என் துப்பட்டாவை இழுத்தார். “உக்காரு வளரு. பெரிய மனுசங்க இருக்காங்க.”

“நீங்க டீயக் குடிங்கப்பா.”

வெளியே வந்ததும் துறைத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எமோஷனலா பேசாதம்மா. அன்னைக்கி ரூல் அப்படி.”

“இன்னைக்கிக் கூட்டுனது எந்த ரூல் சார்? ரெண்டும் ஒரே ஆளுதான்னு காலேஜ் லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க. அது இருந்தாத்தான் வெப்சைட்காரங்க ரெண்டு பக்கத்தையும் சேர்ப்பாங்களாம்.”

“பாக்கலாம்மா” என்றபடி கார் சாவியைத் தேடினார். எழுதிக் கொடுத்தால், அன்றைக்கு உன்னை வெளியே அனுப்பியது தப்பென்று அவர் கையெழுத்தே சொல்லுமே. கொடுக்கவில்லை.

உன்னை மேற்கோள் காட்டியவர்களுக்கு, இரண்டு மங்கையும் ஒரே ஆள்தான் என்று என் ஓட்டை இங்கிலீஷில் மெயில் போட ஆரம்பித்தேன். போலந்திலிருந்து ஒருவர் மட்டும் பதில் போட்டார். முதல் மங்கை போட்ட கணக்கில் இருந்த ஒரு பிழையை இரண்டாம் மங்கை திருத்தினார் என்று தன் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறாராம். இரண்டு பேரும் அம்மாவும் மகளுமாக இருப்பீர்கள் என்று நினைத்திருந்தாராம். உன் தப்பை நீயே கண்டுபிடித்து, ஊரறியச் சொல்லி, திருத்தியிருக்கிறாய். இங்கே ஒருத்தருக்காவது அது தெரியுமா? வீட்டில் இருந்த எனக்கே தெரியாதே.

நேற்று, அந்த இன்டர்வியூவின் குறிப்புகளைக் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். புதுப் பக்கத்தைத் திறந்தது நான்தான் என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். இதனால் உனக்கு வேலை வரப்போவதில்லை. தெரியும்.

உன்னிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கமாட்டேன். மனுவுக்குப் பதில் வரவில்லையென்றால் மேல்முறையீடு போடுவேன், அதற்கும் மேலே போவேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டு, அப்புறம் வந்து கேட்கிறேன்.

உன்னை இரண்டாக்கிய தங்கச்சி,
வளர்மதி