அப்பாவின் வாட்சுக்கு என்ன வயது

ஆகஸ்ட் 4, திங்கள்
அப்பா போய் ஒரு வருடம். வீட்டில் நினைவு ஜெபம் முடிந்ததும் அம்மா அவருடைய கைக்கடிகாரத்தை எடுத்து என்னிடம் தந்தாள். "நீதான் வச்சுக்கணும். சாவி மட்டும் நக்கோ, கொடுத்துடாத." செத்தவர் கடிகாரத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் சாவி கொடுப்பதில்லை. நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

அப்பா வாய் திறந்து பேசுவதே அபூர்வம். ஆனால் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், "நீயும் இந்த வாட்சும் ஒரே வயசு, எமி" என்பார். நான் பிறந்த சந்தோஷத்தில் வாங்கியது என்று அர்த்தம். அவர் என்னைக் கொஞ்சியதாக என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

ஆகஸ்ட் 5
ஓடாத வாட்சைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மானம் போயிற்று.

கதிர்வீச்சு மீட்டர்களைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. காலையிலிருந்து நான் தொட்ட மீட்டரெல்லாம் கூடுதலாகக் காட்டியது. பேட்டரியை மாற்றினேன், வயரை மாற்றினேன், செய்தவனைத் திட்டினேன். கூட வேலை பார்க்கும் சந்தீப் தொட்டால் சாது. நான் கை நீட்டினால் கத்தல். "மேடம், ஆப் ஜரா உதர் ஜாவ்" என்று என்னைக் கதவுப் பக்கம் அனுப்பினான். மீட்டர் அடங்கியது. இருவரும் என் மணிக்கட்டைப் பார்த்தோம்.

ரேடியம்! எண்களிலும் முட்களிலும் பூசியிருக்கிறது.

இருட்டறைக்குக் கொண்டுபோனேன். துளி வெளிச்சம் இல்லை, பூச்சு எப்போதோ செத்துவிட்டது. மீட்டரை அருகில் வைத்தால் மட்டும் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி சடசடவென்று சத்தம். ரேடியம் பாதியாகக் குறையவே ஆயிரத்து அறுநூறு வருடம் ஆகும். கல்லூரியில் படித்து மார்க் வாங்கிய விஷயம்தான். ஆனால் இது அப்பாவின் கையில் இருந்தது — கடவுளே! நின்றுபோன வாட்ச் என்றா நினைத்தோம்?

ஆகஸ்ட் 6
பின்மூடியைத் திறந்தால் நம்பரை வைத்து வாட்ச் செய்த வருடம் சொல்லிவிடலாம். திறக்க மாட்டேன். உள்ளே பூச்சு பொடியாகியிருக்கும், மூச்சில் போனால் வம்பு.

ஆகஸ்ட் 7
திறக்காமலே தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அறுபதுகளில் ரேடியத்தைக் கைவிட்டு டிரிடியத்துக்கு மாறியவர்கள், அடையாளமாக ஆறாம் எண்ணுக்குக் கீழே குட்டியாக 'டி' போட்டார்கள். இதில் அது இல்லை. முட்களின் வடிவத்தைப் பழைய விளம்பரப் படங்களோடு ஒப்பிட்டேன். ஐம்பதுகளின் வாட்ச். நான் பிறந்தது எழுபத்தொன்பதில்.

அப்போ ஒரே வயசுன்னு ஏன்ப்பா சொன்னீங்க? நாப்பது வருஷமா நம்பிட்டு இருந்தேனே —

கிதியோன் அண்ணனுக்குப் போன் செய்தேன். சிரிக்கிறான். "செகண்ட்ஹேண்ட்ல வாங்கி உன்கிட்ட கதை விட்டிருக்காரு. விடு."

ஆகஸ்ட் 10, ஞாயிறு
சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"புதுசுன்னு அவரு எப்ப சொன்னாரு? உங்க தாத்தா வாட்சு அது. அவரு போனதும் சாவி கொடுக்காம பெட்டியில போட்டாச்சு. வருஷக்கணக்கா கெடந்துச்சு. நீ பொறந்தன்னைக்கு உங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைத் தூக்கிப் பாத்தாரு. ஒண்ணும் பேசல, வெளிய போயிட்டாரு. திரும்பி வரும்போது கையில வாட்சு ஓடிட்டு இருக்கு. செத்தவர் வாட்சுக்குச் சாவி கொடுத்துட்டியேன்னு உங்க பாட்டி ஒரே சண்டை. 'இது இன்னைக்குத்தாம்மா பொறந்திருக்கு'ன்னாரு."

அப்பாவா? சொந்த அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத என் அப்பாவா?

கேட்கக் கூடாததையும் கேட்டேன். "அண்ணன் பொறந்தப்ப?"

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "ஹவ், ஆமா, அப்பவும் பெட்டியிலதான் இருந்துச்சு."

எழுந்து சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

மாலையில் அண்ணனே போன் செய்தான். வாட்ச் விஷயம் என்னவாயிற்று என்றான்.

"நீ சொன்னது சரிதான்ணே," என்றேன். "செகண்ட்ஹேண்ட்தான்."