இடிபடாமல் வந்த கமரா

லா சப்பல், பாரிஸ்
20.09.2009

அன்பின் சுஜாந்திக்கு,

போன ஞாயிறும் முகாமிலிருக்கிற அந்த அக்காவின் ரெலிபோனுக்கு எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் நீர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டீராம். கதைக்க முடியாவிட்டால் விடும். எழுதியாவது அனுப்பும். உம்மைப் பார்க்க வரும்போது தில்லையம்பலம் மாமா கடிதத்தை வாங்கி வந்து வவுனியாவில் போட்டுவிடுவார்.

மாமா ஒரு செய்தி சொன்னார். நான் அனுப்பிய கமரா இன்னும் உம்மிடம் இருக்கிறதாமே? அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் ஊரிலிருந்து வெளிக்கிடும்போது சாம்பவி உமது வயிற்றில் நாலு மாதம். அவள் "அப்பா" என்று சொன்னதை ரெலிபோனில் கேட்டிருக்கிறேன். முகத்தைக் கண்டதில்லை. மூன்றரை வயதில் போய்விட்டாள். மற்றவர்கள் பிள்ளையை நினைத்து அழுகிறார்கள். நான் கண்ணை மூடினால் முகமே வருகுதில்லை, சுஜாந்தி. யாரை நினைத்து அழுகிறது?

அந்தக் கமராவில் தனியாகக் கார்ட் இல்லை. எடுத்த படமெல்லாம் அதற்குள்ளேயே நிற்கும். ஆகவே கமரா முழுதாக எனக்கு வரவேண்டும். கீழே விழவிட வேண்டாம். ரின், போத்தல், திறப்புகளோடு ஒரே பையில் போட வேண்டாம். கண்ணாடி வில்லை வெளியே வரும் இடத்தில் சின்ன இடி பட்டாலும் பிறகு திறவாது. ஒருவர் கையிலும் கொடுக்க வேண்டாம்.

என் பிள்ளை அதற்குள்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
கலைமாறன்

முகாம், செட்டிகுளம்
18.10.2009

அன்புள்ள சாம்பவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மாமா கையால் கிடைத்தது. கமராவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் சாப்பிடுகிறேனா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். பரவாயில்லை. சாப்பிடுகிறேன். மழை பெய்தால் கூடாரத்துக்குள் தண்ணீர் வருகிறது. மரப்பலகை வாங்கில் ஏறி இருந்துகொள்கிறோம்.

கமரா இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. தலையணைப் பஞ்சை உதறி எடுத்து, பால்மா ரின்னுக்குள் நாலு பக்கமும் அடைத்து, நடுவில் வைத்துத்தான் கொண்டு திரிந்தேன். ஓடும்போது ரின் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கும். விழுந்தால் நான் முதுகுப்பக்கமாக விழப் பழகிக்கொண்டேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பெண் ஒருத்தி ரின்னைத் திறந்து பார்த்தாள். பஞ்சுக்குள் கமராவைக் கண்டதும் என் முகத்தையும் பார்த்தாள். பற்றரியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மூடித் தந்துவிட்டாள்.

மாத்தளனில் பிள்ளையை மண்ணில் விட்டுவிட்டு எழும்பி நடந்தபோது, என்னிடம் மிச்சமாக இருந்தது அந்த ரின்தான்.

படங்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது கை ஓடவில்லை.

அன்புடன்,
சுஜாந்தி

லா சப்பல், பாரிஸ்
29.11.2009

அன்பின் சுஜாந்திக்கு,

நீர் சாப்பிடுகிறீரா என்று கேட்காதது என் பிழைதான். கோபிக்க வேண்டாம். இங்கே பகல் முழுக்க றெஸ்ரோறன்ற் அடுப்படியில் கோப்பை கழுவுகிறேன். அந்தச் சத்தத்திலும் என் எண்ணம் ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

லா சப்பலில் சேலைக்கடை வைத்திருக்கும் தவரத்தினம் அண்ணை தை மாதம் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் என்று ஊருக்குப் போகிறார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட். ஒருவரும் மறிக்க மாட்டார்கள். வவுனியாவில் மாமா வீட்டுக்கு வந்து கமராவை வாங்குவார். அதை விமானத்தில் போடும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், கையோடு கொண்டுவாருங்கள் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டேன். "தம்பி, நான் பவுண் சங்கிலி கொண்டு வாறமாதிரிக் கொண்டுவருவன்" என்றார். நீர் அந்த ரின்னோடேயே கொடும். அசையாமல் பஞ்சை இன்னும் கொஞ்சம் இறுக்கி அடையும்.

எங்கள் குசினித் தலைவர் ஜெர்மேன் தன் பேரப்பிள்ளைகளின் படத்தைப் பேர்சில் வைத்திருக்கிறார். உன் மகளைக் காட்டு என்று போன கிழமை கேட்டார். வருகிறது என்று சொன்னேன். கட்டிலுக்கு மேலே சுவரைத் துடைத்து, பெரிய சட்டம் ஒன்று வாங்கி இப்போதே கொழுவி வைத்திருக்கிறேன். அறையில் கூட இருக்கிற பொடியங்கள் வெறும் சட்டத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தங்கள் கட்டிலுக்குப் போகிறார்கள்.

அவள் சிரிக்கிற படம் ஒன்றாவது இருக்கும்தானே?

கலைமாறன்

வவுனியா
31.01.2010

அன்புள்ள சாம்பவி அப்பாவுக்கு,

முகாமிலிருந்து எங்களை விட்டுவிட்டார்கள். இப்போது மாமா வீட்டில் இருக்கிறேன். இரவில் தகரத்தில் மாங்காய் விழுந்தாலும் எழும்பி நிலத்தில் படுத்துவிடுகிறேன். மாமியும் பக்கத்தில் வந்து படுப்பா.

நேற்று உங்கள் தவரத்தினம் அண்ணை வந்தார். ரின்னைக் கொடுத்துவிட்டேன். அவர் பிடித்த பிறகும் கொஞ்சம் விடாமல் வைத்திருந்தேன். அவர், "தங்கச்சி, நான் பத்திரமாச் சேர்ப்பன், யோசியாதை" என்றார். உடைந்துவிடுமோ என்று நான் பயப்படுவதாக நினைத்திருப்பார்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அதைத் திறந்து பார்க்கும்போது தனியாக இருக்க வேண்டாம். அதற்குள் அதிகம் தேடவும் வேண்டாம். இதற்கு மேல் எழுதத்தான் மூன்று நாளாக இருந்தேன். முடியவில்லை.

சுஜாந்தி

லா சப்பல், பாரிஸ்
28.02.2010

சுஜாந்திக்கு,

கமரா வந்து சேர்ந்தது. நீர் சொன்னது போல ஒரு கீறல்கூட இல்லை. கடையில் இருந்ததைவிடப் புதிதாக இருக்கிறது. புதுப் பற்றரி போட்டும் எழும்பவில்லை. இங்கே பக்கத்தில் ஸ்டாலின்கிராட் பகுதியில் பழைய மின்சாமான் திருத்தும் வின்சன்ற் என்பவரிடம் கொண்டு ஓடினேன். பற்றரி வைக்கும் இடத்தில் கறள் பிடித்திருக்கிறது என்று சுரண்டித் துடைத்தார். எழும்பியது.

நாலு படம். நாலே நாலு.

ஒன்றில் கமரா வந்த பெட்டி. ஒன்றில் ஒரு சைக்கிள். மூன்றாவதில் நீர் வாசலில் சிரிக்காமல் நிற்கிறீர். நாலாவது பழுதாகிப்போன படம். நீர் கோபமாகக் கையை நீட்டிக்கொண்டு வருகிறீர், முழுக்க ஆடிப்போய், மூலையில் ஏதோ சிவப்பாக மறைத்துக்கொண்டு கிடக்கிறது.

என் பிள்ளை எங்கே?

அழித்துவிட்டீரா? ஆமி அழித்ததா? வின்சன்றைக் கெஞ்சித் தேடச் சொன்னேன். ஒன்றும் அழிபடவில்லை, இந்தக் கமராவில் மொத்தமாக எடுத்ததே நாலு படம்தான் என்றார். மூன்று வருடம் உமது கையில் இருந்ததே. ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவளை முன்னால் நிறுத்தி அந்தப் பொத்தானை அமத்த உமக்கு நேரம் கிடைக்கவில்லையா? பதுங்கு குழிக்குள்ளும் அதைக் கட்டிக்கொண்டு திரிந்தீரே, எதற்கு?

பழுதான படத்தை அழிக்கவா என்று வின்சன்ற் கேட்டார். கமராவை அவருடைய மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி அது எனக்கு எதற்கு?

கலைமாறன்

வவுனியா
21.03.2010

சாம்பவி அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டது சரி. பதில் சொல்கிறேன்.

கமராவோடு நீங்கள் அனுப்பிய கடிதம் எனக்கு மனப்பாடம். "கவனம். பிள்ளையின் கை படாத இடத்தில் வையும். வெயிலில், புழுதியில் எடுக்க வேண்டாம். ஒரு இடி பட்டால் போச்சு. நான் கைத்தோல் உரியக் கோப்பை கழுவி வாங்கிய சாமான்." அதைப் படித்து நான் அழுதேன். உங்கள் கைத்தோலை நினைத்துத்தான் அந்தக் கமராவைத் தொட்டேன்.

அதைக் கொண்டுவந்த பொடியன்தான் முதல் மூன்று படமும் எடுத்துக் காட்டினான். பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். ஏணையில் நித்திரை. கமரா வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது, கண்ணூறும் படும், ஒரு வயது வரட்டும் என்றேன். அதற்குள் வன்னிக்கு வரும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு வன்னிக்குள் பற்றரி இல்லை. மிச்சம் இருந்த ஒரு சோடியை, அவளுக்கு முதல் எழுத்துச் சொல்லி ஏடு தொடக்கும் நாளுக்கென்று பொத்தி வைத்தேன். அன்றைக்குக் குளிக்கவார்த்து, புதுச்சட்டை போட்டு, நல்ல வடிவாக எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. தருமபுரத்தில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தோம். விடியவே பற்றரியைப் போட்டு, கமராவைப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, சட்டையை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவள் எட்டி எடுத்துவிட்டாள். "அம்மா, இஞ்சை பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டு அமத்திவிட்டாள். ஐயோ விழப்போகிறது என்று பாய்ந்து பறித்தேன். கையில் ஒரு அடியும் போட்டேன். கமரா நிலத்தில் படவில்லை. பிள்ளைதான் விழுந்தாள்.

விக்கி விக்கி அழுதாள். முகம் வீங்கிப்போயிற்று. அழுத முகத்தை அப்பாவுக்கு அனுப்புவதா, நாளைக்கு எடுப்போம் என்று கமராவை மூடி வைத்தேன். அன்று பின்னேரமே அங்கிருந்து எழும்ப வேண்டி வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஓடிக்கொண்டே இருந்தோம்.

பழுது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாலாவது படம் அவள் எடுத்தது. மூலையில் சிவப்பாகக் கிடப்பது அவளுடைய விரல்.

என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அதைத்தான் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

சுஜாந்தி

லா சப்பல், பாரிஸ்
04.04.2010

என் அன்பின் சுஜாந்திக்கு,

கடிதத்தை வேலையில் நின்று படித்தேன். ஜெர்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போ என்று மட்டும் சொன்னார். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஸ்டாலின்கிராட்டுக்கு ஓடினேன். அழித்திருந்தால் நான் என்ன செய்வேன், சுஜாந்தி? வழியெல்லாம் அந்த வின்சன்றைத் திட்டிக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் ஓடினேன்.

கமரா மேசையில் இல்லை. கழித்த சாமான்கள் போடும் பெட்டி ஒன்றைக் காட்டினார். பழைய போன் சாச்சர்களுக்கும் இரும்புகளுக்கும் நடுவே கைவிட்டுத் துழாவி எடுத்தேன். திரை வெடித்திருந்தது. மூலை நசுங்கியிருந்தது. ஐந்து கிழமை அந்தப் பெட்டிக்குள் இடிபட்டிருக்கிறது. வயரைக் கொழுவிக் கணினியில் பார்த்தோம். நாலாவது படம் இருந்தது. நான் அழுத அழுகையில் அவர் கடைக் கதவைச் சாத்திவிட்டார்.

அவள் கையில் விழுந்த அடி உம்முடையது இல்லை. பாரிஸிலிருந்து நான் எழுதி அனுப்பியது. இனி அதை நீர் சுமக்க வேண்டாம்.

படத்தைப் பெரிதாக அடிக்க லா சப்பலில் புண்ணியமூர்த்தி அண்ணையின் ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனேன். கன நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, விரல் விழுந்து படம் பழுதாப் போச்சு. அந்த மூலையை வெட்டிப்போட்டு, மனிசியின்ரை முகத்தை மட்டும் பெருப்பிச்சுத் தரட்டே?"

"வெட்டாதேங்கோ அண்ணை," என்றேன். "அது என்ரை மகள்."

சட்டத்துக்கு அளவாகவே அடித்துத் தந்தார். கட்டிலுக்கு மேலே கொழுவியிருக்கிறேன். நீர் கோபத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டு வருகிறீர். அவள் உம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் நின்ற இடத்தில் நின்றுதான் நானும் இப்போது உம்மைப் பார்க்கிறேன்.

ஞாயிறு மாமா வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பேன். நீர் கதைக்க வேண்டாம். போனை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் காதில் வைத்திரும்.

சாம்பவியின் அப்பா