உண்டு, இல்லை

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

தண்ணீர் திறந்துவிடும் பெரியவர் எழுதிக்கொள்வது. ஆளை வைத்து எழுதவில்லை, நானேதான். மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இந்த நாலு வரிக்குள் வெயில் வாசலிலிருந்து சுவரேறிவிட்டது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்கிறாள். இருக்கட்டும், கோழிக்கும் ஏதாவது கிடைக்கத்தானே செய்கிறது!

இங்கே எல்லோரும் சுகம். இஸ்திரிக்காரர் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். கால்தான் இன்னும் ஈர்க்குச்சி.

அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். வயிற்றுப்போக்கு பரவியபோது நீங்கள், டீச்சர், கடைக்காரம்மா, நான் என்று ஆளுக்கொரு தெரு பிரித்துக்கொண்டோம். "வந்தவங்களுக்கு மருந்து கொடுத்தா மட்டும் போதாது. எந்தத் தெருவுல, ஏன்னு பார்க்கணும். நோய் வராத வீட்டையும் எண்ணணும்" என்றீர்கள். என் தெருவில் இருபத்திரண்டு வீடும் ஏறி இறங்கினேன். பதினேழு வீட்டில் படுத்துக் கிடந்தார்கள். நீங்கள் கொடுத்த தாளில் வீட்டுக்கொரு கோடு போட்டேன்.

கூட்டத்தில் என் தாளைப் பார்த்து, "பெரியவரே, உங்க தெருவுல அஞ்சு வீடுதானா?" என்று கேட்டீர்கள். பதினேழு என்று எனக்குத் தெரியும். மறுத்தால் தாளை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வீர்களே! "தாள்ல இருக்கறதுதாம்மா" என்றேன். எங்கள் தெருவில் நோய் குறைவு என்று முதலில் அடுத்த தெருவின் குழாயைத் தோண்டினார்கள். எங்கள் குழாயில் சாக்கடை கலந்தது தெரிய இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் உங்களை, "எண்ணக்கூடத் தெரியாதா?" என்றார். மாற்றலும் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீங்கள் கூட்டியதில்தான் பிழை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் சுகாதார நிலையத்தில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் கட்டத்தின் மேல் 'உண்டு', அடுத்ததன் மேல் 'இல்லை'. நோய் இருந்த பதினேழு வீட்டுக்கும் 'இல்லை'யில் கோடு கிழித்திருக்கிறேன். அட, படித்துவிட்டேனே என்று ஒரு கணம் சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மற்ற இருவரிடமும் சொன்னேன். டீச்சர், "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். கடைக்காரம்மா பாதியிலேயே எழுந்து கடைக்குள் போய்விட்டார். அதுதான் தாங்கவில்லை. இஸ்திரிக்காரரிடம் நாளைக்குப் போகிறேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

மேலதிகாரிக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். விசாரணை வந்தால் கிழவன் பாவம் என்று எதையும் மறைக்காதீர்கள், அம்மா. உங்கள் பெயர் துலங்க வேண்டும்.

இன்னொன்று. அங்கேயும் கணக்கெடுக்க ஆட்களை அனுப்புவீர்கள். படிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்டபோது நானும் தெரியும் என்றுதான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து முதல் கோட்டைச் சேர்ந்து போடுங்கள். என்மேல் இருக்கும் கோபத்தை அந்த மனிதர்மேல் காட்டிவிடாதீர்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வால்வுக்காரப் பெரியவர்